பெட்டகத்தில் ஒரு படகு

சேரன் நடுக்கடலில் மாட்டிக்கொண்ட விஷயம் அவன் மனைவி செல்லாயிக்குக் கைப்பேசிச் செய்தியாகத்தான் வந்தது. “தங்கள் குடும்பத்தாரின் அபாய அழைப்பு பெறப்பட்டு, பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது. நன்றி. கடலோரத் தகவல் காப்பு ஆணையம், கடலூர்.” நன்றி எதற்கு என்று தாழங்குடா கரையில் கூடி நின்ற யாருக்கும் புரியவில்லை. ஆள் எங்கே இருக்கிறான் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செல்லாயியின் அண்ணன் பாண்டியன் அந்தச் செய்தியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். தள்ளுவதற்கு அதில் ஒன்றுமில்லை. காற்று கிளம்பியதும் மற்ற படகுகள் எல்லாம் கரை வந்துவிட்டன. சேரனின் படகு மட்டும் வரவில்லை. இஞ்சின் நின்றிருக்க வேண்டும். தேடிப் போக நாலு படகுகளில் டீசல் ஊற்றி ஆட்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வடக்கே புதுச்சேரிப் பக்கம் போவதா, தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் போவதா என்பதுதான் தெரியவில்லை. தப்பான பக்கம் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் தேடுவதும் தேடாததும் ஒன்றுதான்.

முன்பெல்லாம் படகுக்கு ஒரு பழைய வயர்லெஸ் இருந்தது. கடலில் ஒருவன் கத்தினால் சுற்றியிருக்கிற அத்தனை படகுக்கும் கேட்கும். பிறகு ஆணையம் வந்தது. அத்தனை பேருக்கும் கேட்பது பாதுகாப்புக் குறைவு என்று சொல்லி வயர்லெஸ்ஸை எல்லாம் வாங்கிக்கொண்டு, விழா வைத்து, படகுக்கு ஒரு மஞ்சள் பெட்டி கொடுத்தது. பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் செய்தி ஆகாயம் வழியாக நேரே ஆணையத்துக்குப் போய்விடும். வேறு யாருக்கும் கேட்காது. வேறு யாருக்கும் கேட்காது என்பதைத்தான் விழாவில் எல்லாரும் கை தட்டிக் கொண்டாடினார்கள். பாண்டியனும் தட்டினான்.

“ஆபீஸுக்குப் போயி எங்க இருக்காருன்னு கேட்டுட்டு வந்துடறேன். ஒரு நிமிசத்து வேல, அழுவாத” என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அதற்கு முன் அவன் ஆணையத்துக்குள் போனதில்லை. போயிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்.

மஞ்சக்குப்பத்தில் ஆணையத்தின் வாசலில் பாதுகாப்புக் கண்காணிப்பாளர் வைத்திலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவர் பாண்டியனின் கைப்பேசியை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டார். பிறகு அவன் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டார். ‘நம்பத் தகாதவர்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“சார், நான் நம்பத் தகாதவன் இல்ல சார். தாழங்குடா. எங்க மச்சான் கடல்ல…”

“கோவிச்சிக்காத தம்பி, வர்றவங்க எல்லாருமே சிவப்புதான். எங்க ஆபீஸே ஒரு கோட்டை. நீ சிவப்புலேருந்து மஞ்சளுக்கு வரணும், அப்பறம் பச்சைக்கு. பச்சைல இருக்கறது ஆணையர் ஐயா மட்டும்தான்.”

கோட்டை என்பது கட்டடத்தின் பெயர் என்று பாண்டியன் நினைத்தான். இல்லை, அது ஆணையர் பூவராகன் மேசையிலிருந்த கணினியின் பெயர். திருடன் எவனும் நுழைய முடியாதபடி தயாரித்த கணினி அது. உள்ளே அறை அறையாகப் பிரித்திருக்கும். ஓர் அறையில் நடப்பது இன்னோர் அறைக்குத் தெரியாது. ஒவ்வோர் அறையும் திரையில் ஒரு கட்டமாகத் தெரியும். வெளியுலகத்தோடு தொடர்புள்ள அறைக்குச் சிவப்புக் கட்டம், ஆபீஸ் கடிதங்களுக்கு மஞ்சள் கட்டம். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆணையத்துக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை வந்துவிட்டது. கணினிக்கு மட்டும் வைத்திருந்தால் போதுமே என்று யாரும் சொல்லவில்லை. கட்டடத்துக்கும் கதவுகளுக்கும் மனு கொடுக்க வருகிற மனுஷனுக்கும் அதையே வைத்துவிட்டார்கள்.

பாண்டியன் வாசலில் எழுதிக் கொடுத்த மனுவைச் சிவப்பு அறையிலிருந்து மஞ்சள் அறைக்கு எடுத்துப் போகக்கூடாது. மனுவில் என்ன கிருமி இருக்குமோ. அதனால் சன்னல் வழியாக அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தை அச்செடுத்து, அச்செடுத்ததை மறுபடி படம் பிடித்து, மூன்றாவது நகலை மஞ்சள் அறையில் அவன் கையிலேயே கொடுத்தார்கள். மூன்றாவது நகலில் வெள்ளைத்தாளின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் இருந்தது.

“இதுல ஒண்ணும் தெரியலியே சார்.”

“அதான் சுத்தம்” என்றார் வைத்திலிங்கம்.

“வாயால சொல்லிடறேன் சார். படகு பேரு செல்லாயி. ஆளு பேரு சேரன். பொத்தான அழுத்திட்டாரு. எந்தப் பக்கம் இருக்காருன்னு மட்டும் சொன்னீங்கன்னா நாங்களே போயி இட்டாந்துடுவோம். உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்ல.”

வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “உங்க மச்சான் செய்தி நம்மகிட்ட இருக்குது தம்பி. கோட்டையிலயே உசந்த ரூமு எது தெரியுமா? பெட்டகம். கறுப்புக் கட்டம். அதுக்கு வெளியில எந்தத் தொடர்பும் கெடையாது. நெட்டு கெடையாது, போனு கெடையாது. உயிர் காக்குற செய்தியாச்சே, அதவிட ஒசத்தி எது இருக்குது? அதனால அபாயச் செய்தி எல்லாத்தயும் அதுலதான் போட்டு வைக்கிறோம்.”

“வச்சிட்டு?”

“வச்சிட்டுன்னா?”

“வச்சிட்டு என்னா சார் பண்ணுவீங்க?”

இப்படி ஒரு கேள்வியை ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. வைத்திலிங்கம் யோசித்துப் பார்த்தார். “போட்டது போட்டபடி இருக்கும்” என்றார்.

அந்த நேரம் மாடியில் மணி அடித்தது. வைத்திலிங்கம் துள்ளி எழுந்து நடைவழியில் ஓடினார். “எல்லாரும் நெட்ட நிறுத்துங்க! மெயில் அனுப்பாதீங்க! ஐயா கப்பல் எடுத்துட்டாரு!” அறைக்கு அறை ஊழியர்கள் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

பாண்டியனுக்கு உடம்பு சிலிர்த்தது. “கப்பலா? மீட்கறதுக்கா சார்?”

“ஆமா, மீட்பு. நீயும் வா. பொதுமக்கள்ல ஒருத்தர் சாட்சிக்கு நிக்கணும்னு ரூல் இருக்குது.”

படியேறும்போதே பாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. கவர்மெண்டை என்னென்னவோ பேசுகிறோம், ஒரு மீனவனுக்காகக் கப்பலே எடுக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்து போனது. ஆணையரின் அறைக்குள் நுழைந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

அறையில் ஆணையர் பூவராகன் காதில் பெரிய ஹெட்போனும் வாய்க்கு முன்னால் ஒரு மைக்குமாகச் சாய்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அகலமான திரை. திரையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். அதற்குள் கடல், அதன்மேல் பளபளவென்று ஒரு மீட்புக் கப்பல். ஆணையர் இங்கே விசையை அழுத்தினால் கப்பல் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. தண்ணீரில் ஒருவன் கை ஆட்டினான். ஆணையர் கயிறு வீசினார். அவன் கப்பலில் ஏறியதும் திரையில் வாணவேடிக்கை வெடித்தது. பக்கத்தில் நின்ற கணினிப் பொறியாளர் ஸ்ரீதர் கை தட்டினார்.

பாண்டியனுக்குக் கும்பிட எடுத்த கை பாதியில் நின்றது. தங்கை மகள் பூஜா கைப்பேசியில் இந்த மாதிரி ஆடுவதை அவன் பார்த்திருக்கிறான்.

“சார், இது கேமு சார்.”

அறையே திடுக்கிட்டது. ஆணையர் நாற்காலியை மெல்லத் திருப்பினார். அவருக்குக் கோபம் வரவில்லை. இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தழும்பேறியவர் அவர்.

“யாருய்யா சொன்னது கேமுன்னு? எங்க கோட்டையில கேமே ஓடாது. கேமுக்குன்னு கம்ப்யூட்டருக்குள்ள தனியா ஒரு கார்டு வேணும். அத எந்த ரூமுக்கும் குடுக்கறதில்ல, அவ்ளோ செக்யூரிட்டி. கேமு ஓடறது சிதம்பரத்துல, எங்க வீட்ல, ஆணையம் வாங்கிக் குடுத்த தனிக் கம்ப்யூட்டர்ல. அங்கேருந்து நெட்டுல இங்க வர்றது வெறும் படம், அதுக்கே ஆபீஸ் நெட்டு பூரா வேணும். நான் படம் பாக்கறேன். இங்கேருந்து நான் அழுத்தற பட்டனும் பேசற பேச்சும் அங்க போவுது, அவ்ளோதான். இதுல கேமு எங்க இருக்குது, காட்டு பாப்போம்.”

“தொலைநிலை மீட்புப் பயிற்சின்னு பேரு” என்று ஸ்ரீதர் எடுத்துக் கொடுத்தார். “இந்த வருசம் ஐயா மட்டும் ஆயிரத்துக்கு மேல உயிர காப்பாத்தியிருக்காரு. ஆண்டறிக்கையில வந்திருக்கு.”

“அந்தக் கம்ப்யூட்டர் சிதம்பரத்துல எங்க இருக்குதுங்கறது பரம ரகசியம்” என்று ஆணையர் தொடர்ந்தார். “மேலவீதி, எங்க வீட்டு மாடி. வாசல்ல ‘ஆணையத்தின் ரகசியக் கணினி நிலையம், அனுமதி இல்லை’ன்னு தெருமுனையிலேருந்தே தெரியற மாதிரி போர்டு வச்சிருக்கேன். ஒரு பய கிட்ட போவ முடியாது.”

பாண்டியன் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. “சார், எங்க மச்சான் நெஜமான கடல்ல இருக்காரு. அவரு செய்தி அந்தக் கறுப்புக் கட்டத்துல இருக்குதாம். ஒரே ஒரு தரம் தொறந்து பாருங்க சார். படகு பேரு செல்லாயி. எந்தப் பக்கம்னு சொல்லுங்க, போயிடறேன்.”

“சிவப்புக் கட்டம் தொறந்திருக்கும்போது கறுப்புக் கட்டத்தத் தொறக்கவே கூடாது. ரூல் போட்டதே நான்தான்.”

“அப்ப சிவப்ப மூடுங்க சார்.”

“மூடறதா?” ஆணையர் திரையைக் காட்டினார். “தண்ணியில இன்னும் ஏழு பேரு இருக்கான்யா. அவனுங்கள அப்பிடியே உட்டுடச் சொல்றியா? உனக்கு மனசாட்சி இருக்குதா?”

பாண்டியன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

சாப்பாட்டு மணி அடித்தால் ஆணையத்தில் அன்று காலை நடந்ததெல்லாம் அழிந்துபோகும். இதுவும் கோட்டையிலிருந்து கற்றுக்கொண்டதுதான். கணினியில் ‘ஒருமுறை அறை’ என்று ஒன்று உண்டாம். அதில் செய்கிற வேலை முடிந்ததும் அறையே அழிந்து, தடயமே இல்லாமல் போய்விடுமாம். ஆணையம் அதைப் பார்வையாளர்களுக்கும் வைத்தது. பாண்டியனின் சிவப்பு அட்டையைக் கழற்றினார்கள். சாம்பல் மேகமாகிப் போன மனுவைக் கிழித்தார்கள். கைப்பேசியைக் கொடுத்து வாசலுக்கு வெளியே விட்டார்கள்.

வெளியே வெயில் சுட்டது. செல்லாயியிடமிருந்து வந்த அழைப்புகள் திரை முழுக்க நின்றன. அவளிடம் என்ன சொல்வது? உன் புருஷன் பத்திரமாக இருக்கிறான் என்றா? பாண்டியனுக்கு முதல் தடவையாகக் கோபம் தலைக்கேறியது. தங்கையைக் கூப்பிடாமல் சிதம்பரத்தில் படிக்கிற தங்கை மகளைக் கூப்பிட்டான். பூஜாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. விடுதி வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

“அழுவாத. சொல்றதக் கேளு. மேலவீதிக்குப் போ. ரகசியக் கணினி நிலையம்னு பெரிய போர்டு இருக்கும். அந்த வூட்டு மாடியில ஒரு கம்ப்யூட்டர் ஓடுது. அதப் புடுங்கிப் போட்டுடு. அது நின்னாதான் இங்க உங்கப்பன் செய்திய தொறந்து பாப்பானுங்க.”

“கம்ப்யூட்டர் நின்னா அப்பா செய்தி எப்பிடி மாமா வரும்?”

பாண்டியன் தனக்குப் புரிந்த அளவில் சொன்னான். கேம் அங்கே ஓடுகிறது, படம் இங்கே வருகிறது, இந்த ஆள் பேசுவதும் அழுத்துவதும் அங்கே போகிறது, சிவப்பு இருந்தால் கறுப்பைத் திறக்கமாட்டான்.

“அந்தாளு பேசறது இங்க கேக்குமா மாமா?”

“அப்பிடித்தான் அந்தாளே சொன்னான்.”

“நீ உள்ள போயி நில்லு மாமா. நான் பாத்துக்கறேன்” என்று பூஜா வைத்துவிட்டாள்.

ஆணையத்தில் மதியச் சாப்பாடு சாமானியத்தில் முடியாது. சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், வெற்றிலை போட்டார்கள், நாற்காலியில் சாய்ந்தார்கள். பாண்டியன் வாசலில் நின்று வேப்பமரத்து இலை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். காற்று தெற்கே தள்ளியது. ஆனால் இஞ்சின் நின்றது எங்கே என்று தெரியாமல் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒருவழியாக வைத்திலிங்கம் வந்து உட்கார்ந்தார். பாண்டியனை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு நீங்க? என்னா விசயம்?”

“சார், காலையில வந்தேனே!”

“காலையில வந்தது அழிஞ்சிடுச்சி. புதுசா சொல்லுங்க.”

மறுபடி கைப்பேசி, மறுபடி தகரப் பெட்டி, மறுபடி ‘நம்பத் தகாதவர்’. மறுபடி மணி அடித்தது. மறுபடி “ஐயா கப்பல் எடுத்துட்டாரு.” பொதுமக்கள் சாட்சிக்கு அன்று அவனைத் தவிர யாரும் அகப்படாததால் பாண்டியன் மறுபடி ஆணையர் அறையில் சுவரோரம் நின்றான். படம் எப்போது நிற்கும் என்று திரையையே பார்த்தான். நிற்கவில்லை. கப்பல் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பூஜா போய்ச் சேரவில்லையோ, வீட்டுக்காரர்கள் விரட்டிவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது திரையின் நடுவில் எழுத்து வந்தது.

‘அவசர மீட்பு! சிறப்புக் கட்டம்! செல்லாயி என்ற படகு இஞ்சின் நின்று தத்தளிக்கிறது. அபாயச் செய்தி பெட்டகத்தில் உள்ளது. பெட்டகத்தைத் திறந்து இடத்தை மைக்கில் சொல்லவும். பொழுது சாய்ந்தால் ஆட்டம் முடிந்தது.’

பாண்டியன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆணையர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்லாயி என்ற பெயரைக் காலையில்தான் பாண்டியன் அவர் காதில் போட்டிருந்தான், அந்த முகத்தில் அதன் அடையாளமே இல்லை. இருந்ததெல்லாம் ஆனந்தம்.

“அடேங்கப்பா! ஸ்ரீதரு, இது புதுசா இருக்குதே!”

“அப்டேட் வந்திருக்கும் சார். நம்ம பெட்டகத்தயே உள்ள சேத்திருக்கான் பாருங்க, என்னா டெக்னாலஜி!”

“தொற, தொற, பெட்டகத்தத் தொற!”

“சார், சிவப்பு தொறந்திருக்குது” என்று வைத்திலிங்கம் தயங்கினார். “ரூலு…”

ஆணையருக்குக் குரல் தழுதழுத்தது. “யோவ், அங்க ஒரு உசுரு தண்ணியில தவிக்குது. இப்ப வந்து ரூலு பேசறியே, நீ மனுசனா? ரூலு எதுக்குய்யா இருக்குது, உயிரக் காப்பாத்தத்தான? நான் பொறுப்பேத்துக்கறேன், தொறய்யா!”

பாண்டியன் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மூன்றடி தூரத்தில் நின்றான். அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று அவன் கை துடித்தது. ஆனால் வாயைத் திறந்தால் விளையாட்டு கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

கறுப்புக் கட்டம் திறந்தது. அது திறந்து யாரும் பார்த்ததில்லை. கடவுச்சொல் எழுதி ஒட்டியிருந்த தாளைத் தேடுவதற்கே மேசையைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. உள்ளே செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தன. ஆணையர் மைக்கில் உரக்க வாசித்தபடி தள்ளினார்.

“சோனாங்குப்பம்… இது இல்ல. ராசாப்பேட்டை… இல்ல. சிங்காரம், தாழங்குடா. இல்ல, இது போன ஐப்பசி. இன்னாய்யா இது, இவன் ஒருத்தனே பக்கம் பக்கமா வர்றான். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உட்டு உட்டு அழுத்தியிருக்கான் பாரு, எடத்த அடச்சிக்கிட்டு.”

ஸ்ரீதர் சிரித்தார். போன ஐப்பசியில் கடலுக்குப் போன சிங்காரம் திரும்பவில்லை. படகு கவிழ்ந்த நிமிஷமே போயிருப்பான், கஷ்டப்பட்டிருக்கமாட்டான் என்று சொல்லித்தான் ஊர் அவன் மனைவி ராசம்மாளைத் தேற்றியது. உடம்பு இல்லாமலே காரியம் செய்தார்கள். காரியத்துக்குப் பந்தல் போட்டவன் பாண்டியன்.

“ஆங், கெடச்சிடுச்சி! செல்லாயி! பரங்கிப்பேட்டைக்கு நேர் கெழக்க, பதினோரு கடல் மைலு!” ஆணையர் மைக்கில் முழங்கினார். “மறுபடி சொல்றேன், பரங்கிப்பேட்டைக்கு நேர் கெழக்க, பதினோரு மைலு! போங்க, போங்க!”

திரையில் எழுத்து வந்தது. ‘நன்றி. கேட்டுவிட்டது.’ அதைத் தொடர்ந்து வாணவேடிக்கை வருமென்று ஆணையர் காத்திருந்தார். அது வருவதற்குள் பாண்டியன் படியிறங்கிவிட்டான். கழுத்தில் சிவப்பு அட்டையோடு, கைப்பேசியைத் தகரப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, வண்டியை முறுக்கினான். வாசலில் வைத்திலிங்கத்தின் உதவியாள், “அட்டைய குடுத்துட்டுப் போய்யா” என்று பின்னாலேயே ஓடி வந்தது அவன் காதில் விழவில்லை.

தாழங்குடாவில் கரை காலியாக இருந்தது. பூஜா சிதம்பரத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லி, நாலு படகும் அப்போதே தெற்கே போயிருந்தன. பொழுது சாய்கிற நேரத்துக்குச் சேரனின் படகைக் கண்டுபிடித்து, ராத்திரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, மஞ்சள் பெட்டியை இன்னும் கையில் பிடித்தபடி அவன் இறங்கினான். செல்லாயி அவன்மேல் விழுந்து அழுதாள், அவனை அடித்தாள், மறுபடி அழுதாள். பாண்டியனும் வெட்கமில்லாமல் அழுதான்.

நடந்ததைப் பூஜா அடுத்த நாள் ஊருக்கு வந்து சொன்னாள். மேலவீதி வீட்டில் ஆணையரின் மனைவி இளமதிதான் கதவைத் திறந்தாராம். பிடுங்கிப்போட வந்திருக்கிறேன் என்று பூஜா உள்ளதைச் சொன்னதும், “வாம்மா, மொதல்ல ஒரு வாய் காபி குடி. வூட்ல எனக்கு ஃபேனு, அந்தப் பொட்டிக்கு ஏசி” என்று மாடிக்கே கூட்டிக்கொண்டு போனாராம். “புடுங்கிட்டா அந்தாளு கோவத்துல எல்லாத்தயும் மூடிடுவான் மாமா. கேமு ஆடறவன கேமுலதான் புடிக்கணும். அங்க உக்காந்து நான் டைப் அடிக்கறது அவன் படத்துலயும் வரும்ல? அதான் அடிச்சேன்” என்றாள். ஊரே சிரித்தது. கூட்டத்தில் நின்ற ராசம்மாளைப் பார்த்ததும் பாண்டியனுக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்வதா வேண்டாமா என்று அவன் இரண்டு நாள் தவித்தான். மூன்றாம் நாள் சொல்லிவிட்டான். ராசம்மாள் அழவில்லை. ராத்திரி வரைக்குமா, ராத்திரி வரைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆணையம் சும்மா இருக்கவில்லை. பெட்டகத்திலிருந்து ஓர் அபாயச் செய்தி வெளியே போயிருக்கிறது, அதை வைத்து ஒரு மனிதன் உயிர் பிழைத்தும் இருக்கிறான் என்பது தெரிந்ததும் கட்டடமே ஆடிப்போனது. விசாரணைக் கூட்டம் போட்டார்கள். ‘கசிந்த தகவலால் பயனடைந்தவர்’ என்று சேரனுக்கு அழைப்பு வந்தது. சேரன், செல்லாயி, பாண்டியன் மூவரும் போனார்கள். யாரும் கூப்பிடாமலே ராசம்மாளும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லார் கழுத்திலும் சிவப்பு அட்டை.

ஆணையர் மேடையேறினார். முகம் வாடியிருந்தது.

“இந்தப் பெட்டகம் தொறந்த நாள்லேருந்து எத்தனையோ பேர் நம்மள நம்பிச் செய்தி அனுப்பியிருக்காங்க. ஒண்ணு, ஒரே ஒண்ணு கூட வெளிய போனதில்ல. அந்தப் பெருமை போன வாரத்தோட போயிடுச்சி. வெக்கப்படறேன்.” கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எந்த வழியா கசிஞ்சிதுன்னு நிபுணர் குழு பாத்துட்டாங்க. சிதம்பரம் கம்ப்யூட்டர்மேல எந்தத் தப்பும் இல்ல, ஏன்னா அங்கேருந்து வர்றது வெறும் படம். தப்பு எங்கன்னா, செய்தியில எடம் எழுதியிருக்குது. எடம் எழுதியிருந்தாதான அது வெளிய தெரியும்? இனிமே மஞ்சப் பெட்டி எடத்த அனுப்பாது. பொத்தான அழுத்தினாங்கங்கற ஒரு விசயம் மட்டும்தான் வரும். இனி எந்தக் காலத்துலயும் இப்படி ஒரு சம்பவம் நடக்காதுன்னு மக்களுக்கு நான் உறுதி குடுக்கறேன்.”

கை தட்டினார்கள். பிறகு சேரனை எழுப்பி, கசிந்த தகவலைத் தெரிந்தே பயன்படுத்தினாயா, தெரியாமல் பயன்படுத்தினாயா என்று வைத்திலிங்கம் கேட்டார். சேரன், “இட்டுக்கினு வந்தாங்க சார், வந்தேன்” என்றான். அதை எழுதிக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் ராசம்மாள் எழுந்தாள். பேசுவதற்கு அவளுக்கு அனுமதி இல்லை, ஆனாலும் பேசினாள்.

“ஐயா, எங்க வூட்டுக்காரரு சிங்காரம். தாழங்குடா. போன ஐப்பசியில அழுத்தினாரு. ராத்திரி வரைக்கும் அழுத்தினாராமே. அவரு செய்தியும் இந்த மாதிரி கொஞ்சம் கசிஞ்சிருக்கக் கூடாதாய்யா?”

ஸ்ரீதர் குனிந்து ஆணையரின் காதில் ஏதோ சொன்னார். அதைக் கேட்டதும் பூவராகனின் முகம் கனிந்தது. மேடையை விட்டு இறங்கி அவள் முன்னால் வந்து நின்று, அன்றைக்கு முதல் தடவையாகத் தணிந்த குரலில் பேசினார்.

“கவலையே படாதீங்கம்மா. அது பத்திரமா இருக்குது.”